ஆய்வு நூலகத்தில் துறை வல்லுநருக்கு என்ன வேலை?

முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் மாணவர் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்: “நூற்பட்டியல் கணினியில் இருக்கிறது, ஆய்விதழ்கள் இணையத்தில் கிடைக்கின்றன, பழைய நூல்களும் மின்வடிவம் பெற்று வருகின்றன. இந்த நிலையில் பல்கலைக்கழக நூலகங்களில் தமிழுக்கு ஒருவர், மருத்துவத்துக்கு ஒருவர், சுவடிகளுக்கு ஒருவர் என்று தனித்தனி வல்லுநர்கள் தேவையா? நூலகவியல் பட்டம் பெற்ற எவரும் அந்த வேலையைப் பார்த்துவிட முடியாதா?”

முடியாது என்பதே என் பதில். ஆய்வு நூலகங்களின் பட்டியல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வாசகர் வந்து கேட்ட பிறகுதான் வல்லுநரின் வேலை தொடங்குகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அவருடைய வேலையின் பெரும்பகுதி, வாசகர் நூலகத்தின் படியேறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. நீங்கள் தேடியது உங்கள் கணினித் திரையில் வந்து நிற்கிறது என்றால், அது வரும்படி யாரோ ஒருவர் ஒரு நாள் உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்திருக்கிறார்.

ஒரு சிறிய நூலைக் கையில் எடுத்துக்கொள்வோம். பதினாறு பக்கமுள்ள பாட்டுப் புத்தகம். தொட்டால் ஓரம் உதிரும் பழுப்புத் தாள். முகப்பில் நூலின் பெயர், இயற்றியவர் பெயர், பார்வையிட்டுப் பிழை திருத்தியவர் பெயர், அச்சுக்கூடத்தின் பெயர், எல்லாவற்றுக்கும் அடியில் ‘விக்ருதி வருஷம் ஆவணி மாதம்’ என்ற ஒரு வரி. ஆங்கில ஆண்டு எங்குமே இல்லை. தமிழ் ஆண்டு அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது என்பதால், இந்த விக்ருதி 1830ஆக இருக்கலாம், 1890ஆக இருக்கலாம், 1950ஆகவும் இருக்கலாம். இந்தக் கணக்கை அறியாத பணியாளர் ‘ஆண்டு குறிப்பிடப்படவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த நூலுக்குப் போய்விடுவார். அறிந்தவர் அப்படிப் போக மாட்டார். அச்சகங்களின் மீதிருந்த கட்டுப்பாடுகளை 1835ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்திய பிறகே இந்தியர் நடத்திய அச்சகங்கள் பெருகின என்பது அவருக்குத் தெரியும். ஆகவே 1830 ஐயத்துக்குரியது என்று முதலில் ஒதுக்கி வைப்பார். தாளும் எழுத்தும் 1950ஐச் சேர்ந்தவை அல்ல என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும். அதோடு நிற்காமல், நூல்களில் அச்சிட்டவரின் பெயரும் அச்சிட்ட இடமும் இடம்பெற வேண்டும் என்று விதித்த 1867ஆம் ஆண்டின் 25ஆவது சட்டத்தின்படி சென்னை மாகாண அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட்ட நூல் பதிவுப் பட்டியலில் 1890ஆம் ஆண்டுப் பகுதியை எடுத்து, அந்த அச்சுக்கூடத்தின் பெயரையும் நூலின் பெயரையும் தேடிப் பார்ப்பார். கிடைத்தவுடன் பட்டியலில் சதுர அடைப்புக்குள் 1890 என்று பதிவார். நூலில் இல்லாத, பட்டியலாளர் தாமே ஆராய்ந்து கண்ட ஆண்டு இது என்பதற்கு அந்தச் சதுர அடைப்பே அடையாளம்.

இதற்கு அரை நாள் ஆகியிருக்கும். அந்த அரை நாளின் பயனை இப்போது பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வெளிவந்த பாட்டுப் புத்தகங்களை ஆராயும் ஒருவர், 1880 முதல் 1900 வரை என்று வரம்பிட்டுத் தேடும்போது இந்த நூல் அவர் முன் வருகிறது. ‘ஆண்டு குறிப்பிடப்படவில்லை’ என்று பதிந்திருந்தால் வராது; அது வரவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. நூல் அலமாரியில் பத்திரமாக இருக்கும், ஆய்வேட்டில் மட்டும் இருக்காது. தவறான பட்டியல் செய்யும் தீங்கு இத்தகையது. யாரும் புகார் கொடுக்க முடியாத தீங்கு அது.

பெயர்களின் கதை இன்னும் சிக்கலானது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஊர், தந்தை பெயர் ஆகியவற்றின் முதலெழுத்துகளும் சொந்தப் பெயரும் சேர்ந்ததே நம் பெயர். புனைபெயர்களைக் கேட்கவே வேண்டாம். புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே, சுஜாதாவும் எஸ். ரங்கராஜனும் ஒருவரே என்பதைக் கணினி தானாக அறியாது. கல்கி என்பது ரா. கிருஷ்ணமூர்த்தியின் புனைபெயர், அவர் நடத்திய இதழின் பெயரும் அதுவே என்பதையும் அறியாது. ஒரே பெயரில் இரண்டு மூன்று புலவர்கள் ஒரே காலத்தில் எழுதியிருக்கும்போது, எந்த நூல் எவருடையது என்று பிரித்து ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு உண்டாக்குவது பட்டியலாளரின் கடமை. இதற்குச் சிறப்புப் பாயிரத்தைப் படிக்க வேண்டும், ஆசிரியரின் ஊரைப் பார்க்க வேண்டும், நூலைப் பாராட்டிச் சாற்றுகவி பாடித் தந்தவர்கள் யார் என்று கவனிக்க வேண்டும். தமிழ் இலக்கிய வரலாறு கைவசம் இல்லாதவரால் இதைச் செய்ய இயலாது.

வெளிநாட்டு நூலகங்களில் இதன் மேல் ஒலிபெயர்ப்பும் வந்து சேர்கிறது. அமெரிக்க நூலகங்கள் பின்பற்றும் முறைப்படி தமிழ் எழுத்து எப்படியோ அப்படியே ரோமனில் பெயர்க்கப்படுகிறது. நாம் ஒலிக்கும் விதம் கணக்கில் வராது. நூலின் தலைப்பில் ‘பாரதி’ என்ற சொல் இருந்தால், அது பம்பாய்க்கு எழுதும் முதலெழுத்தில் தொடங்காமல் பாரிசுக்கு எழுதும் முதலெழுத்தில் தொடங்கும். இது தெரியாமல் நல்ல ஆய்வாளர்கள் பலர் ‘அந்த நூலகத்தில் ஒன்றும் இல்லை’ என்று திரும்பிப் போனதைக் கண்டிருக்கிறேன். அங்கே தமிழறிந்த நூலகர் ஒருவர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தீரும் சிக்கல் இது.

அமெரிக்காவில் தமிழ் நூல்கள் குவிந்த வரலாறே துறை வல்லுநர் எதற்கு என்பதற்கு நல்ல சான்று. இந்தியாவுக்கு விற்ற கோதுமைக்கு ஈடாக ரூபாயில் சேர்ந்த பணத்தைக் கொண்டு, பி.எல். 480 என்ற சட்டத்தின் கீழ், 1962 முதல் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும் திட்டம் நடந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் டெல்லி அலுவலகம் அந்தப் பொறுப்பை ஏற்றிருந்தது. பெட்டி பெட்டியாக நூல்கள் வந்து இறங்கிய பிறகு, அவற்றைப் படித்துப் பிரிக்க ஆள் வேண்டும் என்ற நிலை உண்டாகி, தெற்காசியப் பகுதிக்கென்றே நூலகர்களை அமர்த்த வேண்டியதாயிற்று. அப்படி உருவான மரபில் வந்தவர், சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் தெற்காசியப் பிரிவின் வல்லுநராக இருந்த ஜேம்ஸ் நை.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் வாழ்ந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்த அவர், பல்லாண்டுகள் பாடுபட்டு நூல்களும் இதழ்களும் நாடக நோட்டீசுகளும் திருமண அழைப்பிதழ்களுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்து வைத்திருந்தார். அவர் 1992இல் மறைந்தபோது அந்தச் சேகரிப்பு சிதறிப்போகும் அபாயம் இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. ஆனால் கடல் கடந்து கொண்டுபோகாமல் சென்னையில் வைத்து, 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாக வழிசெய்தது. நூல்களை இங்கேயே பாதுகாத்து நுண்படம் (மைக்ரோஃபிலிம்) எடுத்துப் பிரதியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று வகுத்த ஏற்பாட்டில் நையின் பங்கு பெரியது. ஒரு நாடகக் கொட்டகையின் நோட்டீசு ஒரு பல்கலைக்கழகம் பணம் கொடுத்துக் காக்க வேண்டிய பொருள் என்று நிர்வாகக் குழுவின் முன் எடுத்துச்சொல்லும் தகுதி யாருக்கு இருக்கும்? பொதுப் பயிற்சி பெற்ற நூலகருக்கு அது பழைய காகிதமாகவே தோன்றும். தமிழக நாடக வரலாற்றுக்கு வேறு ஆதாரம் அநேகமாக இல்லை என்று அறிந்தவருக்கே அதன் மதிப்புத் தெரியும். நூலகத்தில் எது சேர்க்கப்படும், எது விடப்படும் என்ற முடிவுதான் பிற்காலத்தில் எந்த ஆய்வு நடக்கும், எது நடக்காது என்பதையும் தீர்மானிக்கிறது.

இதே அறிவு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் நான் கண்டிருக்கிறேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கல்வி நிறுவனத்தில், 1930களின் தமிழ் மாத இதழ்கள் முழு வரிசையாக இருந்தன. இடத்தை மிச்சப்படுத்தி அழகாக அடுக்குவதற்காக அவற்றை ஆண்டுவாரியாகச் சேர்த்துப் பைண்டிங்குக்கு அனுப்பினார்கள். பைண்டிங் செய்தவர், வழக்கம்போல ஒவ்வோர் இதழின் மேலட்டையையும் விளம்பரத் தாள்களையும் கிழித்தெடுத்துவிட்டு, உள்ளே இருந்த கட்டுரைப் பக்கங்களை மட்டும் தைத்துக் கொடுத்துவிட்டார். பல இதழ்களில் மாதமும் விலையும் மேலட்டையில்தான் இருந்தன. சோப்பு, கிராமபோன் தட்டு, புதிய நூல் என்று அக்கால வாழ்வைக் காட்டும் விளம்பரங்கள் அந்தத் தாள்களில்தான் இருந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது, நீல நிறக் காலிகோ அட்டையும் பொன்னெழுத்துமாகத் தொகுதிகள் மிக நேர்த்தியாக நின்றன. ஒன்றை விரித்தேன், எந்த மாதத்து இதழ் என்று சொல்ல முடியவில்லை. அங்கே அக்கறை இல்லாதவர்கள் யாரும் இருக்கவில்லை. ‘மேலட்டையை எடுக்காதே’ என்று ஒரு வரி எழுதி அனுப்பும் அளவுக்கு இதழ்களின் வரலாற்றை அறிந்தவர் ஒருவர் இல்லை, அவ்வளவுதான். அந்த இடத்தில் இருந்த பணியிடம் வெகுகாலம் நிரப்பப்படாமல் கிடந்தது.

சுவடிப் பிரிவுக்கு வருவோம். பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. குறில் கொம்பும் நெடில் கொம்பும் ஒன்றே. காலும் ரகரமும் ஒரே வடிவம். ‘கெடு’ என்பதும் ‘கேடு’ என்பதும் ஓலையில் ஒன்றுபோல இருக்கும்; ‘காடு’ என்றும் படிக்கலாம், அதையே ‘கரடு’ என்றும் படிக்கலாம். செய்யுளின் தளையும் பொருளும் தெரிந்தவரால் மட்டுமே எது சரியென்று தீர்மானிக்க முடியும். ஒரே கட்டில் முதலில் ஒரு தலபுராணமும், நடுவில் மருத்துவக் குறிப்பும், கடைசியில் சில தனிப்பாடல்களும் இருப்பது சர்வ சாதாரணம். முதல் ஓலையை மட்டும் பார்த்துப் பெயரெழுதி வைத்தால் நடுவில் உள்ள மருத்துவ நூல் இல்லாததாகவே ஆகிவிடும். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடங்களில் பண்டிதர்கள் உருவாக்கிய விளக்க அட்டவணைகளில் ஒவ்வொரு நூலின் தொடக்கப் பகுதியும் முடிவுப் பகுதியும் எடுத்தெழுதப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். வேறிடத்தில் தலைப்பே இல்லாமல் கிடக்கும் சுவடி ஒன்றை அடையாளம் காண அந்த நான்கு வரிகள் போதும்.

அச்சு நூல்களிலும் அப்படிப்பட்ட உழைப்பு உண்டு. ஜான் மர்டாக் 1865இல் வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் வகைப்படுத்திய பட்டியலையும், பார்னெட்டும் ஜி. யு. போப்பும் தொகுத்து 1909இல் வந்த பிரிட்டிஷ் அருங்காட்சியகத் தமிழ் நூற்பட்டியலையும் இன்றும் நாங்கள் புரட்டுகிறோம். போப் 1908இலேயே மறைந்துவிட்டார். திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவருடைய கடைசிக்கால உழைப்பின் ஒரு பகுதி ஒரு நூலகத்தின் பட்டியலுக்குச் சென்றிருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு அந்த வேலையின் மேல் மரியாதை கூடுகிறது.

நம் ஊரிலேயே இந்தக் கருத்தை ஆழமாக உணர்ந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. மேலே சொன்ன அரை நாள் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான நியாயம் வேறில்லை. பட்டியலாளர் ஒருமுறை செலவிடும் அரை நாள், பின்னால் வரும் ஒவ்வோர் ஆய்வாளருக்கும் அரை நாளை மீட்டுத் தருகிறது. 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, மூலநூல், அதன் உரை, உரைக்கு உரை ஆகியவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வைக்க அவர் செய்த ஏற்பாடு. உலகின் பல நூலகங்கள் பின்பற்றும் டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற ஓர் எண்ணின் கீழ் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. கிறித்தவம் அல்லாத உலகச் சமயங்கள் அனைத்துக்கும் 290 என்ற ஒரே பிரிவு. தொல்காப்பியத்தோடு இளம்பூரணமும் சேனாவரையமும் நச்சினார்க்கினியமும் அடுத்தடுத்து நிற்க வேண்டும் என்பது, உரைமரபு என்றால் என்னவென்று அறிந்த ஒருவருடைய மனத்தில்தான் உதிக்கும்.

தமிழைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் இது பழைய நூல்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். மருத்துவத்தில் இது உயிர்ப் பிரச்சினை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2001இல் நடந்த ஆஸ்துமா தொடர்பான ஓர் ஆய்வில், ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை நுகர்ந்த, நல்ல உடல்நலத்தோடிருந்த 24 வயதுத் தன்னார்வலர் நுரையீரல் பாதிப்பால் இறந்துபோனார். அந்த மருந்து நுரையீரலைத் தாக்கக்கூடும் என்ற எச்சரிக்கை 1950களின் கட்டுரைகளில் இருந்தது. ஆய்வாளர் பயன்படுத்திய, மருத்துவக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் தளம் அன்று பெரும்பாலும் 1966க்குப் பிந்தைய கட்டுரைகளையே காட்டியது. அதற்கு முந்தையவற்றை அச்சிட்ட சுட்டித் தொகுதிகளில்தான் தேட வேண்டும் என்பது எந்த மருத்துவ நூலகருக்கும் அரிச்சுவடி. ஒரு தரவுத்தளத்தில் என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். என்ன இல்லை என்று தெரிந்தவரே வல்லுநர். இன்று மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் கையேடும், தேடல் திட்டத்தை வகுக்கும்போதே தகவல் வல்லுநரைச் சேர்த்துக்கொள்ளும்படி ஆய்வுக் குழுக்களுக்கு அறிவுறுத்துகிறது. ஆய்வுத் தரவைப் பாதுகாத்தல், பதிப்புரிமை, நிலப்படங்கள் என்று மற்றப் பிரிவுகளிலும் நிலைமை இதுவே.

நூல்களை மின்வடிவமாக்கும் எண்ணிமமாக்கல் இந்தத் தேவையைக் குறைத்துவிடும் என்ற நம்பிக்கையிலும் எனக்கு உடன்பாடில்லை. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, றா போன்றவை வேறு வடிவில் இருக்கும். புதிய எழுத்துக்குப் பழக்கிய மென்பொருள் அவற்றை வேறெழுத்தாகப் படித்துவிட்டால் அந்தச் சொல் தேடலில் சிக்காது. முன்பு பட்டியலில் நேர்ந்த இழப்பு இப்போது பக்கத்துக்குப் பக்கம் நேர்கிறது. அதைக் கண்டுபிடிக்கவும் பழைய அச்சைச் சரளமாகப் படிப்பவர் வேண்டும்.

இனி, நூலகவியல் படித்த எவரும் போதாதா என்ற பகுதி. நூலகவியல் பயிற்சி மிக அவசியம். நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நம் பல்கலைக்கழகங்களில் உதவி நூலகர் பணிக்கு நூலகவியலில் முதுகலைப் பட்டமும் தேசியத் தகுதித் தேர்வும் கேட்கப்படுகின்றன. ஒரு துறையில் ஆழ்ந்த படிப்பு கேட்கப்படுவதில்லை. எனவே சுவடிப் பிரிவுக்குத் தமிழறிந்தவர் வருவதும் வராததும் தற்செயலாக அமைகிறது. ஜெர்மனியில் வேறு வழி பிடித்தார்கள். அங்கே ‘ஃபாக்ரெஃபரென்ட்’ எனப்படும் துறை நூலகர் முதலில் தம் துறையில் முதுகலையோ முனைவர் பட்டமோ பெற்று, அதன் பிறகு நூலகப் பயிற்சி பெறுகிறார். 1949இல் ஜெர்மன் ஆராய்ச்சிக் கழகம் பாடங்களை நூலகங்களுக்கிடையே பங்கிட்டபோது தெற்காசியா டூபிங்கன் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தது. பின்னர் அந்தப் பொறுப்பு ஹைடல்பெர்க்குக்கு மாறியது. தமிழ் நாட்டில் மூன்று பல்கலைக்கழகங்களாவது இப்படிப் பங்கிட்டுக்கொண்டு, ஒன்று சுவடிக்கும் ஒன்று இதழ்களுக்கும் ஒன்று நாட்டார் வழக்காற்றுக்கும் என ஆளுக்கொரு வல்லுநரை நிலையாக அமர்த்தினால்கூட நிலைமை பெரிதும் மாறும் என்பது என் உறுதியான எண்ணம். ‘நிலையாக’ என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். ஒரு சேகரிப்பை அறிந்துகொள்ளவே ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் வருபவர், எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று பிடிபடும் வேளையில் வெளியேறிவிடுவார்.

கேள்வி கேட்ட மாணவருக்கு நடைமுறையாக ஒன்று சொல்வேன். ஆய்வுத் தலைப்பு முடிவாவதற்கு முன்பே உங்கள் நூலகத்தின் பட்டியல் பிரிவுக்குப் போய், அங்கே நெடுநாள் வேலை பார்ப்பவர் யார் என்று கேளுங்கள். தேடிக் கிடைத்த நூல்களின் பட்டியலை அவரிடம் காட்டாதீர்கள். இருக்க வேண்டும் என்று நீங்கள் நம்பியும் கிடைக்காமல் போனவற்றின் பட்டியலை எழுதிக்கொண்டு போங்கள். பழைய வரவுப் பதிவேட்டைக் கேளுங்கள். கணினிக்கு ஏறாத நூல்கள் இன்னும் அந்த நீளமான பதிவேட்டின் பக்கங்களில்தான் இருக்கின்றன. பல நூலகங்களில் அந்தக் கையெழுத்தைப் படிக்கக்கூடியவர் இப்போது ஒருவரே மிஞ்சியிருக்கிறார், அவருக்கும் ஓய்வுக் காலம் நெருங்கிக்கொண்டிருக்கிறது.